பரிசுப் பட்டியலில் பிரேக்கம்மா

கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போதுகூட பிரேக்கம்மாவின் கால் காற்றை மிதித்துக்கொண்டேதான் வரும். முன்னால் ஒரு பேருந்து மெதுவானால் போதும், பாதம் தானாக அழுந்தும். சினிமாவில் கார் துரத்தல் வந்தால் முன்வரிசைக்காரரின் நாற்காலி அதிரும். அவர் திரும்பி முறைப்பார். "மன்னிச்சுக்குங்க, தொழில் புத்தி" என்று இவர் காலை மடக்கி நாற்காலிக்கு அடியில் ஒளித்துக்கொள்வார். அடுத்த வளைவில் அது மறுபடியும் வெளியே வந்துவிடும்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இருபது வருடத்துக்கு மேலாக இவருடைய பிழைப்பு அந்த ஒற்றை மிதியில் ஓடுகிறது. பெயர் வைத்தவர்கள் மாணவர்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள், பிறகு முகத்துக்கு நேராக. இப்போது பள்ளி முதலாளியே "பிரேக்கம்மா, அடுத்த ஆள் ரெடி" என்றுதான் குரல் கொடுக்கிறார். இவருக்கு அதில் வருத்தம் கிடையாது. "கிளட்சம்மான்னு வைக்காம விட்டாங்களே" என்பார்.

குட்டையான உருவம். கொஞ்சம் பருமன். முகத்தில் எப்போதும் முகத்துக்குப் பொருந்தாத ஒரு மூக்குக்கண்ணாடி. கணவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். யாருமே வாங்காத ஃபிரேமில் மனைவிக்கு லென்ஸ் போட்டுக் கொடுப்பது அவர் வழக்கம். ஒரு வருடம் ஆந்தைக் கண் போல வட்டமாக இருக்கும், அடுத்த வருடம் செக்கச்செவேலென்று சதுரமாக இருக்கும். "கடையில போணி ஆகாததெல்லாம் என் மூஞ்சியிலதான் வந்து விடியுது" என்று சொல்லிக்கொண்டே இவர் அதைத் துடைத்து மாட்டிக்கொள்வார்.

காருக்குள் அதிகம் பேச மாட்டார். "மெதுவா. அவசரம் ஆபத்து மட்டும் இல்ல, அசிங்கமும்கூட." இது கற்க வந்த எல்லாருக்கும் முதல் நாள் பாடம். வண்டி நடுரோட்டில் நின்று, பின்னால் ஹாரன்கள் ஒப்பாரி வைக்க, மாணவருக்கு வியர்த்துக் கொட்டும்போது, "விடுங்க. ரோடு நாளைக்கும் இங்கேயேதான் இருக்கும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இவரிடம் வந்து சேர்ந்தவர்கள் உண்டு.

கவிதை பிறப்பதும் அந்தக் காரில்தான். மாணவர் நின்றுபோன வண்டியைக் கிளப்பத் தடுமாறும் இடைவெளியில் ஒரு வரி வரும். அதை இவர் எழுதி வைப்பதில்லை. உதட்டுக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருப்பார். மழைநாளில் வைப்பரின் தாளத்துக்கு அது வசமாக உட்காரும். வீடு போய்ச் சேரும்வரை நினைவில் இருந்தால் அது கவிதை. மறந்துவிட்டால், "போனது கவிதையே இல்ல, வெறும் பேச்சு." அப்படித் தப்பிப் பிழைத்து வந்ததை மாலையில் கண்ணாடிக் கடைக்குப் போய்க் கணவரிடம் சொல்வார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அவர் இரண்டு விரலால் கணினியில் தட்டுவார். எழுத்து எழுத்தாக எல்லாக் கவிதைகளையும் அடித்தவர் அவர். ஆனால் யாராவது கேட்டால், "நான் டைப் அடிச்சேன், படிக்கல. அதைப் படிக்க என்ன பவர் வேணும்னு இன்னும் கண்டுபிடிக்கல" என்று நழுவிவிடுவார்.

அப்படிச் சேர்ந்த கவிதைகளை 'பக்கத்து இருக்கை' என்ற பெயரில் ஒரு சின்னப் பதிப்பாளர் புத்தகமாகப் போட்டார். வெளியீட்டுக்கு வந்தவர்களைவிட நாற்காலிகள் அதிகம். நாத்தனார் வந்தார், அட்டையைத் திருப்பிப் பார்த்தார், "படம் எதுவும் இல்லையா அண்ணி?" என்று கேட்டுவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். மீதிப் பிரதிகள் பதிப்பாளரின் குடோனில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. கிணற்றில் போட்ட கல் மாதிரி, அதன் பிறகு பேச்சே இல்லை.

இந்த நிலையில்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது.

வங்கியில் வேலை பார்க்கும் ஒரு மனிதர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கில் நோட்டு எண்ணும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைத் தொட்டால் நடுங்கும். காரை ரவுண்டானாவுக்குள் விட்ட நேரம், முன்னால் மாட்டியிருந்த இவருடைய கைபேசி ஒலித்தது. விரல் பட்டு ஸ்பீக்கரில் பேசத் தொடங்கிவிட்டது. பேசியவர் கவிதைக்கான ஆண்டுப் பரிசுக் குழுவின் செயலாளர். இறுதிப் பட்டியலில் ஐந்து நூல்கள், அதில் ஒன்று 'பக்கத்து இருக்கை' என்று நிறுத்தி நிதானமாக அறிவித்தார். கேட்ட வங்கிக்காரர் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அங்கேயே நின்றது.

"அஞ்சுல ஒண்ணுங்களா? ரொம்ப சந்தோஷங்க" என்றார் பிரேக்கம்மா. "இப்போ இங்க எங்களைச் சுத்தி எல்லா வண்டியும் ஹாரன் அடிக்குது. அப்புறம் கூப்பிடுறேன்."

வங்கிக்காரர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், நீங்க கவிதையெல்லாம் எழுதுவீங்களா?"

"முதல்ல கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வாங்க."

குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. ஆனால் அன்று பள்ளிக்குத் திரும்பும்வரை, வலப்பக்கம் திரும்பச் சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் இடப்பக்கம் திரும்பச் சொன்னார். வங்கிக்காரர் ஊரையே ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

சந்தோஷம் வீட்டுக்குள் வந்து உட்காரக்கூட இல்லை, பின்னாலேயே ஒரு சங்கடமும் வந்தது. மறுநாள் செயலாளர் மீண்டும் அழைத்தார். ஒவ்வொரு நூலிலிருந்தும் ஒரு கவிதையைப் பத்திரிகையில் வெளியிடப் போகிறார்கள், விழா மேடையிலும் அதையே வாசிக்க வேண்டும். இவர் நூலிலிருந்து நடுவர்கள் ஒருமனதாக எடுத்திருப்பது 'தலையணை'. சம்மதம்தானே என்றார். "ரெண்டு நாள் பொறுத்துக்குங்க, சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

அந்தக் கவிதை இது:

இருக்கையை
அவர் கால் நீளத்துக்கு
வைத்துவிட்டுப் போனார்.
நான் இழுக்கவில்லை.
அவருக்கும் என் முதுகுக்கும் நடுவே
ஒரு தலையணையை வைத்துக்கொண்டு
ஊருக்குள் போய்வருகிறேன்.

இதில் வரும் 'நான்' இவர் இல்லை. சலவைக்கடை நடத்தும் ஓர் அம்மா. கணவர் திடீரென்று இறந்துபோனதும், ஓட்டல்களிலிருந்து அழுக்குத் துணி எடுத்துவர ஆள் இல்லாமல், தானே வேன் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். லைசென்ஸ் வாங்கிய பிறகும் பயம் போகவில்லை. "நம்ம வேன்ல நாலு நாள் பக்கத்துல உக்காந்து வாங்களேன்" என்று கேட்டுக்கொண்டார். பிரேக்கம்மா போனார். அந்த வேனில் இவர் காலடியில் பிரேக் கிடையாது. வெறும் தகரத்தை மிதித்துக்கொண்டே போனார். ஓட்டுபவருக்கோ கால் எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுத்துக்கொள்ளச் சொன்னதற்கு அந்த அம்மா, "வேணாங்க. அவர் வச்சிட்டுப் போன இடம், அப்படியே இருக்கட்டும்" என்றார். மறுநாள் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை இருந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பைத்தியம்னு சிரிப்பாங்க."

காரில் கேட்டதைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்க வேண்டும் என்பது பிரேக்கம்மாவின் சட்டம். ஓட்டுபவர் கண் எதிரே சாலையில் இருப்பதால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். வீட்டில் சொல்லாததையெல்லாம் கொட்டுவார்கள். எத்தனையோ பேரின் கல்யாணக் குழப்பமும் மாமியார் புராணமும் இவர் காதில் விழுந்து அங்கேயே மக்கிப்போயிருக்கின்றன. இந்தத் தலையணை மட்டும் மக்கவில்லை. உதட்டில் உருண்டு, கடைவரை வந்துவிட்டது. அதை அடித்துக்கொண்டிருந்த கணவர் அப்போதே விரலை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இது யார் கதையோ, அவங்களுக்குத் தெரியுமா?" "புக்கு வந்தா சொல்லிக்கலாம்" என்றார் இவர். புத்தகம் வந்தது. சொல்லவில்லை. யாரும் படிக்காத புத்தகத்தைவிடப் பத்திரமான பெட்டி எது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இப்போது பெட்டியை நடுத்தெருவில் வைத்துத் திறக்கப் போகிறார்கள்.

பதிப்பாளரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தக் கவிதையாலதான் புத்தகமே பட்டியல்ல ஏறியிருக்கு. அதை எடுத்தா பரிசு கைநழுவிப் போயிடும். பேரா போட்டிருக்கு? அந்த அம்மாவுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றார் பிரேக்கம்மா.

அடுத்த நாள் மதியம், வகுப்புக்கு நடுவில் கிடைத்த நேரத்தில், சலவைக்கடைக்குப் போனார். கடைக்குள் நீராவியும் சோப்பு வாசனையும். தேய்த்த சட்டைகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. "வாங்க வாங்க, என்ன இந்தப் பக்கம்?" என்று அந்த அம்மா முகம் மலர வரவேற்றார். இவர் சுற்றி வளைக்காமல் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை நீட்டினார். அந்த அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"நீங்களும் சரின்னீங்க."

"சரின்னேன்."

"அப்புறம்?"

"யார்கிட்டயும் சொல்லலங்க. எழுதிட்டேன்."

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "வாயால சொல்லியிருந்தா ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்கும்."

நல்லவேளையாக ஒரு வாடிக்கையாளர் வந்தார். அந்த அம்மா அவருக்குச் சிரித்த முகத்தோடு சட்டையை மடித்துக் கொடுத்து அனுப்பினார். திரும்பியபோது சிரிப்பு இல்லை. பிரேக்கம்மா சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தார். பரிசு, பத்திரிகை, மேடை எல்லாம். "நீங்க வேணாம்னா வராது. இன்னிக்கே சொல்லிடுறேன். மறுபடி அச்சடிச்சா அதுல இருந்தும் எடுத்துடுறேன்."

"எடுத்துட்டா பரிசு?"

"போனா போகுது."

போனால் போகட்டும் என்று இவர் மனம் விடவில்லை என்பது நீராவிக்கு நடுவிலும் தெரிந்திருக்க வேண்டும். அந்த அம்மா புத்தகத்தை மறுபடி எடுத்தார். இந்த முறை உதடசைத்துப் படித்தார்.

"நான் அழுததைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லையே."

"நீங்க அழலையே."

"வீட்டுக்குப் போய் அழுதேன்."

"அது எனக்குத் தெரியாதுங்க."

"தெரிஞ்சிருந்தா அதையும் எழுதியிருப்பீங்க."

"மாட்டேன்னு சொன்னா பொய்யாயிடும்."

அந்த அம்மாவின் உதட்டோரம் முதல் தடவையாகக் கொஞ்சம் இளகியது. "வாங்க" என்று கடையைத் தாண்டிப் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே அதே வேன் நின்றது. கதவைத் திறந்து காட்டினார். ஓட்டுநர் இருக்கை நன்றாக முன்னால் வந்திருந்தது. தலையணை இல்லை.

"சர்வீசுக்கு விட்டிருந்தேன். அங்க ஒரு ஆள் தெரியாம இழுத்துட்டான். வந்து பாத்ததும் அவனைப் புடிச்சு நான் போட்ட சத்தத்துல ஒர்க்‌ஷாப்பே கூடிருச்சு. பாவம், அவன் என்ன பண்ணுவான், திருதிருன்னு முழிச்சான். பழைய இடம் எதுன்னு எனக்கே சரியாத் தெரியல. அழுதுக்கிட்டே ஏறி உக்காந்தேன்." இருக்கையைத் தட்டிக் காட்டினார். "உக்காந்தா, கால் நல்லா எட்டுதுங்க. இவ்வளவு நாள் நுனிக்காலால ஓட்டினேனேன்னு எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அந்தத் தலையணை இப்போ கடைப் பூனைக்கு."

பிரேக்கம்மா வேனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"போடச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. "அப்போ இருந்தது அப்படித்தான், அதுல பொய் இல்ல. ஆனா ஒண்ணு. 'போய்வருகிறேன்'னு இருக்குல்ல, அதை மாத்துங்க. நான் இன்னும் அதே தலையணையோட அலையறேன்னு ஊர் நெனச்சுக்கக் கூடாது. 'போய்வந்தேன்'னு போடுங்க."

பதிப்பாளருக்கு இதைக் கேட்டதும் உயிரே போய்விட்டது. "கவிதையோட உயிரே அந்த நிகழ்காலத்துலதான் இருக்கு. அதை இறந்தகாலம் ஆக்கினா என்ன மிஞ்சும்?"

"உயிரோட இருக்கறவங்க கேக்குறாங்க, மாத்திடுவோம்" என்றார் பிரேக்கம்மா.

செயலாளரும் முணுமுணுத்தார். நடுவர்கள் படித்தது வேறு, அச்சாகப் போவது வேறு என்றால் முறையாகுமா என்றார். முறையோ இல்லையோ, பத்திரிகையில் 'போய்வந்தேன்' என்றே வந்தது. நாத்தனார் அதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருப்பதாகவும், படம் இல்லாத குறையை அங்கேயே ஒரு ரோஜாப்பூ காந்தம் தீர்த்துவைத்ததாகவும் தகவல் வந்தது.

இதற்கு நடுவே பிரேக்கம்மா இன்னொரு வேலையும் செய்தார். பட்டியலில் இருந்த மற்ற நான்கு நூல்களையும் வாங்கிப் படித்தார். "கூட ஓடுற வண்டி எப்படி ஓடுதுன்னு பாக்க வேணாமா?" அதில் ஒன்று, ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் இளைஞரின் முதல் தொகுப்பு. அதை ஒரே மூச்சில் படித்துவிட்டு, கணவரின் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"என்ன ஆச்சு?"

"நல்லா எழுதியிருக்கான்."

"அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"இவனுக்குக் கிடைச்சா நியாயம்னு தோணுது. கிடைக்கக் கூடாதுன்னும் தோணுது. ரெண்டும் ஒண்ணா தோணினா மூஞ்சி எப்படி இருக்கும்?"

கணவர் இவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். புதிதாக வந்திருந்த ஃபிரேம்களில், அநேகமாக அன்றே விற்றுப்போகக்கூடிய மெல்லிய ஒன்றை எடுத்து, விழாவுக்கென்று லென்ஸ் வெட்டத் தொடங்கினார்.

விழா ஒரு சனிக்கிழமை காலை, நூலகக் கூடத்தில் நடந்தது. முன்வரிசையில் பட்டியல்காரர்கள் ஐவரும். பிரேக்கம்மாவுக்கு அடுத்த நாற்காலியில் அந்த ஆய்வக உதவியாளர், தோளில் ஒரு கைக்குழந்தையோடு. மனைவிக்கு மருத்துவமனையில் வேலை, மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று கூச்சத்தோடு சொன்னார். "அழுதுச்சுன்னா எந்திரிச்சு வெளிய போயிடுறேங்க, தொந்தரவா இருக்காது."

"அழட்டும் தம்பி. இங்க பேசப் போறவங்களைவிட மோசமாவா அழுதுடும்" என்றார் பிரேக்கம்மா.

ஐவரும் ஒவ்வொருவராக ஏறிக் கவிதை வாசித்தார்கள். இளைஞர் வாசிக்கப் போனபோது குழந்தையையும் தூக்கிக்கொண்டே போனார். அது ஒலிவாங்கியைப் பிடிக்கப் பார்த்தது. கூடம் சிரித்தது. பிரேக்கம்மாவின் முறை வந்தது. காருக்குள் பேசும் அதே குரலில், ஒரு சொல்லுக்கும் அழுத்தம் கொடுக்காமல் 'தலையணை'யை வாசித்தார். 'போய்வந்தேன்' என்று முடித்துவிட்டு, யாரும் கைதட்டுவதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டார். பின்வரிசையில் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்திருந்த சலவைக்கடை அம்மா, இந்தப் பக்கம் இருந்தவரிடமும் அந்தப் பக்கம் இருந்தவரிடமும் "அது நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிரேக்கம்மாவின் கணவர் பிறகு சொன்னார். அதோடு நிற்கவில்லையாம். முன்னால் இருந்தவரையும் தட்டிக் கூப்பிட்டு, "இப்போ சீட் சரியா இருக்கு" என்று சேதி சொன்னாராம்.

பிறகு விழாத் தலைவர் பேசினார். பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். குழந்தை தகப்பனின் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிற்று. ஒருவழியாக உறை பிரிக்கப்பட்டது. அறிவிக்கப்பட்ட பெயர் பக்கத்து நாற்காலிக்காரருடையது.

அவருக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை. மேடையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். அப்போதுதான் தூங்கத் தொடங்கிய பிள்ளை. பிரேக்கம்மாவின் முகம் ஒரு கணம் வெறுமையாக இருந்தது. அவ்வளவுதான். அடுத்த கணம் இரண்டு கைகளையும் நீட்டியிருந்தார். "குடுங்க தம்பி. நீங்க போங்க."

அவர் குழந்தையைக் கொடுத்துவிட்டு மேடையை நோக்கி ஓடினார். கூடம் எழுந்து நின்று கைதட்டியது. பிரேக்கம்மா தட்டவில்லை. குழந்தையின் ஒரு காதைத் தன் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, மற்றொரு காதை உள்ளங்கையால் மெல்ல மூடிக்கொண்டார்.